மருதங்கண்மாயில் இரவல் குரல்கள்

ஆடி பிறந்த முதல் செவ்வாய்க்கிழமை காலையில், கிட்டணன் டீக்கடையில், 'இங்கே அரசியல் பேசக் கூடாது' என்று எழுதிய பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து வழக்கம்போல அரசியல் பேசிக்கொண்டிருந்த ரிட்டயர்டு கண்டக்டர் அய்யாச்சாமி, "இந்தச் செல்போன் வந்துதாய்யா புள்ளைகள்லாம் கெட்டுப்போச்சு" என்று சொல்ல வாயைத் திறந்தபோது, வெற்றிலைக் கறை படிந்த அந்த வாயிலிருந்து ஒரு சின்ன வயதுப் பெண்ணின் குரல் வந்தது. தேனாக வந்தது. கண்டக்டர் சொல்ல நினைத்ததைத்தான் சொன்னது. சொல்லி முடித்துவிட்டு, அவர் நினைக்காத ஒன்றையும் சேர்த்து, "வீடியோ பிடிச்சிருந்தா மறக்காம லைக் பண்ணுங்க" என்றது.

கடையில் இருந்தவர்கள் கண்டக்டரின் வாயையே பார்த்தார்கள். கிட்டணன் ஆற்றிக்கொண்டிருந்த டீயில் ஒரு சொட்டும் சிந்தாமல் கிளாசில் இறக்கி, "ஆறுது, குடிங்கண்ணே" என்றான். குடித்தார்கள். மழை பெய்தாலும் பொய்த்தாலும் மருதங்கண்மாய்க்காரர்கள் டீயை மட்டும் ஆறவிட்டதில்லை.

அடுத்து மேலத்தெரு பாண்டியன் நாட்டை எப்படி ஆளவேண்டும் என்று சொன்னான். டிவியில் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிற ஒருவரின் குரலில் அது வந்தது. அவனை மறுத்துப் பேசியவனுக்கு வேறு சேனல்காரரின் குரல் வந்தது. கண்ணை மூடிக் கேட்டால் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது, இடையில் விளம்பரம் வராததுதான் குறை. மத்தியானத்துக்குள் ஊருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பசிக்குது, பஸ் வந்துருச்சா, ஆட்டை அவுத்து விடு என்பதற்கெல்லாம் ஒரு கேடும் இல்லை. கருத்து என்று ஒன்றைச் சொன்னால்தான், அந்தக் கருத்தை யாரிடமிருந்து வாங்கினோமோ அவர் குரலில் வந்தது. ஏன் இப்படி என்று ஒருவரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. செல்போன் டவர்தான் காரணம் என்று ஒருவரும், ஆடிக் காற்று என்று இன்னொருவரும், கண்மாய்க்கரைக் கருப்புசாமியின் வேலை என்று பூசாரியும் சொன்னார்கள். ஆனால் மூன்று பேருக்குமே அடுத்தவர் குரலில் வந்ததால் அந்த விசாரணையை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

ஊர் பழகிக்கொண்டது. எதற்குத்தான் ஊர் பழகவில்லை? மருமகளைப் பற்றிக் குறை சொல்ல வாயெடுத்த மாமியார்களுக்கு அவர்களுடைய செத்துப்போன மாமியார்களின் குரல் வந்தது, திடுக்கிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். கீழத்தெருப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்த ஒரு பையனைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "யார் யார எங்க வைக்கணுமோ அங்க வைக்கணும்" என்று கணேசமூர்த்தி சொன்னான். அது இறந்துபோன அவன் அப்பாவின் குரலில் வந்தது. அவன் அம்மா பேச்சியம்மாள் அடுப்பில் பொங்கிய பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். "இன்னொரு தடவ பேசுய்யா" என்று மகனின் காலடியில் உட்கார்ந்தாள். அவனும் பேசினான். கடைசிவரை கேட்டுவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செத்தும் இந்த மனுசன் திருந்தலியே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். கணேசமூர்த்தி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

காலேஜில் படிக்கிற சுபாஷினிக்கு வந்த குரல்தான் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அழகான தமிழ், அட்சரம் பிசகாத உச்சரிப்பு. ஆனால் எவ்வளவு நீளமாகப் பேசினாலும் நடுவில் மூச்சு வாங்கவில்லை, இருமவில்லை, எச்சில் விழுங்கவில்லை. "யாரு குரல்டி இது?" என்று கேட்டதற்கு அந்தப் பிள்ளை வெட்கத்தோடு, "ஆளு இல்லத்த. போன்ல ஒரு மிஷின் இருக்கு, எதக் கேட்டாலும் எழுதித் தரும்" என்றது. மூச்சு வாங்காத குரல் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வைத்துவிட்டுக் கவனித்தால், ஊரில் பாதிப் பேரிடம் அது கொஞ்சம் கொஞ்சம் இருந்தது.

சொந்தக் கருத்து சொந்தக் குரலில் வரும். அது எவ்வளவு அபூர்வம் என்பது அப்போதுதான் தெரிந்தது. சண்முகவேல் எதையெதையோ சொல்லிப் பார்த்து, எல்லாம் ஊரார் குரலாகவே வர, கடைசியில் வெறுத்துப்போய், "கருவாட்டுக் கொழம்புக்குத் தக்காளி போடக் கூடாதுய்யா" என்றான். அவன் குரலிலேயே வந்தது. கடையே கை தட்டியது. அன்றைக்கு அவனுக்கு டீ இனாம். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள், சம்பளம் கேட்பதற்கு முன்னால், "தம்பி, ஒரு கருத்து சொல்லுங்க, கேப்போம்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அப்புறம் ஒரு உபாயமும் கண்டுபிடித்தார்கள்: "இது எங்க மச்சான் சொன்னது" என்று உடையவன் பெயரை முதலில் சொல்லிவிட்டால் குரல் மாறுவதில்லை. கடன் வாங்கிக் கட்டிய நகையைக் கடன் என்று சொல்லிவிட்டால் திருட்டாகாதே, அதுபோல.

குருவம்மாள் இதையெல்லாம் தண்ணீர்க் குழாயடியில் நின்று கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். குருவம்மாள்தான் மருதங்கண்மாய் ஊராட்சியின் தலைவர். பெண்களுக்கென்று ஒதுக்கிய இடம், அவள் பெயரில் நின்றாள், அவள் பெயரில் ஜெயித்தாள், அவள் கழுத்தில் மாலை விழுந்தது. அந்த மாலையைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற அவள் புருஷன் சோலையப்பன் கழுத்தில் போட்டார்கள், அன்றோடு முடிந்தது. ஊர் அவனைத் 'தலைவர்' என்றது, அவளைத் 'தலைவர் சம்சாரம்' என்றது. ஆபீசில் துண்டு போர்த்திய சுழல் நாற்காலியில் அவன் உட்காருவான். அவள் எப்போதாவது போனால், அவன் விரல் வைத்த இடத்தில் நின்றபடி கையெழுத்துப் போட்டுவிட்டு, சோறு வடிக்க வேண்டும் என்று திரும்பிவிடுவாள்.

ஆனால் சோலையப்பனுக்கு ஊரில் நல்ல பெயர். யோசனைக்காரன் என்று பெயர். பெண்கள் மட்டும் நின்றால் இலவச டிக்கெட் என்று டவுன் பஸ் நிற்காமல் போனபோது, நிறுத்தத்தில் தினம் ஒரு ஆம்பளையை முறைபோட்டு முன்னால் நிறுத்திக் கைகாட்டச் சொன்னது அவன்தான். பஸ் நின்றதும் ஆம்பளை ஒதுங்கிக்கொள்வான், பெண்கள் ஏறிக்கொள்வார்கள். பெண்கள் ஒதுங்கப் போகிற பாதையில் விளக்குப் போட்டது அவன். "தலைவர் மூளையே மூளை" என்பார்கள்.

ஆடி அதிசயம் தொடங்கியபோது சோலையப்பன் ஊரில் இல்லை. ஏதோ வேலையாக மதுரைக்குப் போய்விட்டு, ஜெயசீலன் என்கிற நிலப் புரோக்கரின் காரில் வந்து இறங்கி, நேராக டீக்கடைக்குப் போனான். குரல் விஷயத்தைச் சொன்னதற்கு, "ஒங்களுக்கு வேற வேல இல்ல" என்று சிரித்தான். அது கருத்தாகக் கணக்கில் வரவில்லைபோல. ஊர் முன்னால் அவன் வழக்கமாகப் பேசுகிற கட்டைக் குரலிலேயே வந்தது. கண்மாயைப் பற்றியும் அதற்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்காலைப் பற்றியும் பேச்சு வந்தது. சோலையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பேசினான்.

குழாயடியில் குடத்தைத் தூக்கப்போன குருவம்மாள் கை அப்படியே நின்றுவிட்டது. டீக்கடையிலிருந்து அவள் குரல் கேட்டது. அடுப்புப் புகையில் கொஞ்சம் கரகரத்து, சொல்லை இழுத்து முடிக்கிற அவளுடைய அதே குரல்: "வரத்துக்கால அடச்சுப் போட்டுட்டு கம்மாயத் தூர்வாருனா என்ன பிரயோசனம்? வாசலப் பூட்டிட்டு விருந்துக்கு எல போட்ட கதைதான்."

முந்தின வாரம் மீன் அலசிக்கொண்டே அவள் சொன்ன வார்த்தை. ஒரு எழுத்து மாறவில்லை.

கண்டக்டர் மெல்லக் கேட்டார்: "அப்ப, தலைவரே, அந்த பஸ்ஸுக்கு ஆம்பளைய நிப்பாட்டுற யோசனை?"

"அதுல என்ன சந்தேகம்? பஸ்ஸு ஆம்பளைக்குத்தான் நிக்கும்னா ஒரு ஆம்பளைய நட்டு வச்சுட்டுப் போவோம், சோளக்காட்டுப் பொம்மை மாதிரி" என்றது சோலையப்பன் வாயிலிருந்து குருவம்மாளின் குரல்.

விளக்கைக் கேட்டார்கள். சாக்கடையைக் கேட்டார்கள். ரேஷன் கடையைச் சாயங்காலமும் திறக்க வைத்ததைக் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அவள் குரலே வந்தது. டீக்கடை முழுக்கத் திரும்பிக் குழாயடியைப் பார்த்தது. குருவம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வேகமாக நடந்தாள். வெட்கமா, சந்தோஷமா என்று அவளுக்கே புரியவில்லை. முகம் மட்டும் கொதித்தது.

சாயங்காலம் சோலையப்பன் தட்டைத் தள்ளி வைத்தான். "ஊரு முன்னால என்னய அவமானப்படுத்திட்ட. எதுக்குடி என் வாயில வந்து ஒக்காந்துருக்க?"

"நானா வந்தேன்? நீங்கதான் கூட்டிட்டுப் போனீக" என்றாள் அவள்.

அதோடு அவன் அவளிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டான். அடுப்படியில் வந்து உட்காருவதையும் நிறுத்தினான். ஜெயசீலனின் கார் வாசலில் நின்றது, ஜெயசீலனின் பேச்சு வீட்டுக்குள் கேட்டது. "சிம்பிளாச் சொல்றேன் தலைவரே" என்று மூக்கால் தொடங்கித்தான் அவன் எதையும் சொல்வான். விஷயம் இதுதான்: உலகத்தில் உள்ள செல்போன் பேச்சையும் படத்தையும் எல்லாம் அடுக்கிவைக்கிற பெரிய கட்டடம் ஒன்று கண்மாய்க்கரையில் வரப்போகிறது, கேட்டதை எழுதித் தருகிற மிஷின் உட்பட உள்ளே இருக்கிற மிஷின்கள் எல்லாம் ராப்பகலாகச் சூடாகும், சூட்டைத் தணிக்கக் கண்மாய்த் தண்ணீர் வேண்டும், மடைச் சாவி கம்பெனி கையில் இருக்கும். சுதந்திர தினத்தன்று கிராம சபையில் தீர்மானம் போட்டு, தலைவர் கையெழுத்துப் போட்டால் போதும்.

"எந்தத் தலைவர்?" என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்ற குருவம்மாள் மனசுக்குள் கேட்டுக்கொண்டாள்.

கண்மாய் போனால் என்ன போகும் என்று அவளுக்குத் தெரியும். நெல் போகும், மாடு போகும், ஊர்ப் பெயரே பொய்யாகப் போகும். சபையில் எழுந்து வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷத்தில் நாலு பேர் முன்னால் அவள் ஒரு கருத்தும் சொன்னதில்லை. எழுந்து வாயைத் திறக்கும்போது யார் குரல் வருமோ? கல்யாணத்துக்கு முன் அப்பா சொன்னதைக் கேட்டாள், பிறகு டிவியைக் கேட்டாள், மகள் சென்னையிலிருந்து போனில் சொல்வதைக் கேட்கிறாள். தண்ணீரைக் கொடுக்கக் கூடாது என்பதும் எங்கேயாவது வாங்கியதாக இருந்துவிட்டால்? டிவிக்காரர் குரலில் வந்துவிட்டால் ஊரே சிரிக்குமே, ஜெயசீலன் முதல் ஆளாகச் சிரிப்பானே. ஆளில்லாத நேரத்தில் மாட்டுக்கொட்டகையில் நின்று முணுமுணுத்துப் பார்த்தாள். முணுமுணுப்புக்கு எந்தக் குரலும் கிடையாது. சத்தமாகச் சொல்லிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மாடு அவளைப் பார்த்துக்கொண்டு அசைபோட்டது.

சுதந்திர தினம் வந்தது. கொடி ஏறியது, மிட்டாய் கொடுத்தார்கள், ஆபீஸ் முன்னால் வேப்ப மரத்தடியில் கிராம சபை கூடியது. மேற்பார்வைக்கு ஓர் அதிகாரி வந்திருந்தார், வெளியூர்க்காரர். மேஜைக்குப் பின்னால் சுழல் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு சோலையப்பன் உட்கார்ந்தான். பக்கத்தில் ஜெயசீலன் வெள்ளைச் சட்டையில் பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தான். குருவம்மாள் பெண்களோடு தார்ப்பாயில், தரையில்.

சோலையப்பன் எழுந்து வாயைத் திறந்தான். "சிம்பிளாச் சொல்றேன்" என்று மூக்கால் வந்தது. "ஊரு எங்கயோ போயிரும். பத்து வருசம் கழிச்சு எனக்கு நன்றி சொல்லுவீக."

எல்லோரும் ஜெயசீலனைப் பார்த்தார்கள். அவன் வாயில் பிஸ்கட் இருந்தது, வாய் அசையவே இல்லை. கூட்டத்தில் சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி எல்லா மூலைக்கும் போனது. சோலையப்பன் மறுபடி மறுபடி முயன்றான். மறுபடி மறுபடி மூக்கால்தான் வந்தது. வெளியூர் அதிகாரி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பாய்லரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்திருந்த கிட்டணன், "ஒண்ணுமில்ல சார், இங்க இப்பிடித்தான்" என்று அவருக்கு ஒரு டீயை நீட்டினான்.

"நானே எடுத்துச் சொல்றேன்" என்று ஜெயசீலன் எழுந்தான். எழுந்து பேசினான். வளர்ச்சி என்றான், வேலைவாய்ப்பு என்றான், எதிர்காலம் என்றான். சொன்னதெல்லாம் அழகான தமிழில், அட்சரம் பிசகாமல், நடுவில் ஒரு இடத்திலும் மூச்சு வாங்காமல், இருமாமல், எச்சில் விழுங்காமல் வந்தது. சுபாஷினி தலையைக் குனிந்துகொண்டாள். ஊர் அமைதியாகக் கேட்டது. அவன் முடித்ததும் பேச்சியம்மாள் தார்ப்பாயில் இருந்தபடியே உரக்கச் சொன்னாள்:

"ஆக, அந்தக் கட்டடமே வந்து தனக்கு எடம் கேட்டுட்டுப் போகுது!"

அது பேச்சியம்மாளின் சொந்தக் குரல். வேப்ப மரத்துக் காக்காயெல்லாம் பறக்கிற மாதிரி ஊர் சிரித்தது.

அதிகாரி மேஜையைத் தட்டினார். "அமைதி, அமைதி. தலைவர் என்ன சொல்றீங்க? முடிவாச் சொல்லுங்க."

பழக்கதோஷத்தில் எல்லா முகமும் சோலையப்பன் பக்கம் திரும்பியது. அவன் தார்ப்பாயில் இருந்த குருவம்மாளைப் பார்த்தான். பிறகு, யாரும் கேட்டிராத ஒரு குரலில், மெல்லிசாகக் கொஞ்சம் கீச்சென்ற ஒரு குரலில் சொன்னான்: "எனக்குத் தெரியல சார். இதுவரைக்கும் நான் சொன்னதெல்லாம் அவ சொன்னது. தலைவரு அவதான். அவளக் கேளுங்க."

ஊருக்குத்தான் அது புதுக் குரல். குருவம்மாளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், "எனக்கு இருட்டுன்னா பயம், யாருக்கும் சொல்லிராத" என்று அவளிடம் சொன்ன குரல் அது. இத்தனை வருஷமாக அதை எங்கே வைத்திருந்தான் இந்த மனுஷன் என்று அவனையே பார்த்தாள்.

எழுந்து நின்றாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். யார் குரல் வந்தாலும் வரட்டும், அப்பா வந்தாலும் டிவி வந்தாலும் வரட்டும், சொல்லாமல் உட்காருவதைவிட அது மேல் என்று வாயைத் திறந்தாள்.

"மிஷின் வரட்டும். நான் வேணாங்கல. சென்னையில இருக்குற என் மக மொகத்த தெனமும் அந்த மிஷின்லதான் பாக்குறேன்."

அடுப்புப் புகையில் கரகரத்த, சொல்லை இழுத்து முடிக்கிற குரல். அவளுடையது. அவளுக்கே கேட்டது. அதற்குப் பிறகு அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை.

"ஆனா அதுக்குச் சூடு வந்தா அது அது பாடு. எங்கயாவது தரிசுல கட்டட்டும், அதுக்கு வேண்டிய தண்ணிய அதுவே தேடிக்கிடட்டும். நம்ம கம்மாயி நெல்லுக்கும் ஆடு மாட்டுக்கும் போக ஒரு சொட்டு மிச்சமில்ல. வீட்டுக்கு வந்த விருந்தாளி வயிறாரச் சாப்புடட்டும், ஒலப்பானையத் தூக்கிட்டுப் போறேன்னா விட முடியுமா? மடைச் சாவி இந்த ஊர விட்டுப் போகாது. நான் கையெழுத்துப் போட மாட்டேன். இது என் அப்பன் சொன்னதில்ல, புருசன் சொன்னதில்ல, பொட்டி சொன்னதில்ல. நான் சொல்றேன்!"

தலைவர் சொன்னதற்குச் சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்று அதிகாரி சொல்லி முடிப்பதற்குள் வேப்ப மரத்தடி முழுக்கக் கையாக இருந்தது. கையைத் தூக்காதவன் ஜெயசீலன் ஒருவன்தான், அவனும் அந்த ஊர்க்காரன் இல்லை. பெண்கள் குலவை போட்டார்கள். கிட்டணன் பாய்லரை விட்டுவிட்டு ஆடினான். சோலையப்பன் நாற்காலியிலிருந்து துண்டை எடுத்து, உட்காரும் இடத்தைத் தட்டித் துடைத்து, அவள் பக்கமாகத் திருப்பி வைத்தான். குருவம்மாள் உட்கார்ந்தாள். நாற்காலி லேசாகச் சுழன்றது, காலை ஊன்றி நிறுத்திக்கொண்டாள்.

கூட்டம் கலைந்து தெருவில் இறங்கியபோது ஒன்று நடந்தது. "மடைச் சாவி இந்த ஊர விட்டுப் போகாது" என்று பாண்டியன் உற்சாகத்தில் கத்தினான், அது குருவம்மாள் குரலில் வந்தது. கண்டக்டர் கத்தினார், குருவம்மாள் குரல். சண்முகவேல், கணேசமூர்த்தி, சுபாஷினி, பூசாரி, மீசை வைத்தவன், வைக்காதவன், பல் உள்ளவள், இல்லாதவள், அத்தனை பேர் வாயிலிருந்தும் அந்தக் கரகரத்த குரல் புறப்பட்டு, கண்மாய்க்கரை வரைக்கும் போய்த் தண்ணீரில் பட்டுத் திரும்பியது. ஒரு ஊரே தன் குரலில் பேசுவதைக் கேட்டுக்கொண்டு குருவம்மாள் நாற்காலியில் கொஞ்ச நேரம் பெருமையாக உட்கார்ந்திருந்தாள். பெருமைப்படாமல் இருக்க அவள் என்ன கல்லா?

பிறகு எழுந்து வந்து போட்டாள் ஒரு அதட்டல்: "போதும், நிறுத்துங்க! இத்தன நாளு டிவிகிட்ட வாங்குனீக, இப்ப எங்கிட்ட வாங்குறீகளா? ஆளுக்கு ஒரு தல இருக்குல்ல? வரத்துக்கால எங்கருந்து தோண்ட ஆரம்பிக்கலாம், சொல்லுங்க பாப்போம்!"

வடக்கேயிருந்து என்று ஒரு குரல் தயங்கி வந்தது. கிழக்கேயிருந்துதான் என்று இன்னொன்று மறித்தது. உனக்கென்ன தெரியும் என்றது மூன்றாவது. தலைவர் சொன்னதே தப்பு என்று ஒருத்தி நேருக்கு நேர் சொன்னாள், அவளுடைய சொந்தக் குரலில். கட்டைக் குரலும் கீச்சுக் குரலும் திக்குவாயும் மூக்கடைப்பும் ஒன்றோடொன்று மோதி, சண்டையாக, சந்தையாக, மருதங்கண்மாய் அதுவரை கேட்டறியாத சத்தமாக எழுந்தது. கிட்டணன் கடைக்குப் போய், ஸ்டூலில் ஏறி, 'அரசியல் பேசக் கூடாது' பலகையைக் கழற்றி அடுப்புக்குள் வைத்தான்.

மத்தியானம் வீட்டில், ரொம்ப நாளைக்கு அப்புறம் சோலையப்பன் அடுப்படியில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். வழியில் யாரோ அவனைத் 'தலைவர் வீட்டுக்காரரே' என்று கூப்பிட்டிருந்தார்கள். அதை அவளிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே ஒரு வாய் அள்ளிப் போட்டு மென்றான்.

"கொழம்புல உப்பு கொஞ்சம் கம்மி" என்றான்.

குருவம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். மூக்கால் வரவில்லை, அவள் குரலில் வரவில்லை. மெல்லிசாக, கொஞ்சம் கீச்சென்று, சுத்தமாக அவன் குரலில் வந்தது. அவளுக்கு வந்த சந்தோஷத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நல்ல கருத்துதான். உப்பு டப்பா அந்தா இருக்கு, எந்திரிச்சுப் போயி எடுத்துப் போட்டுக்குங்க" என்றார் தலைவர்.